படுக்கையில் கழியும் நாட்களில் தசையைக் காப்பது எப்படி: முதல் நாள் முதல் எழுந்து நடக்கும் வரை

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், முதுகுவலி என்று காரணம் எதுவாயினும், உடல் அசையாமல் கிடக்கும்போது தசை கரைவது முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவரின் காலை அசையாமல் கட்டிவைத்தால், தொடையின் முன்தசை நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்குகிறது. அதன் வலிமையோ அதைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் குறைகிறது. எனவே "முதலில் நன்றாக ஓய்வெடுப்போம், உடற்பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற திட்டத்தில் இழப்பின் பெரும்பகுதி கவனிக்கப்படாமலேயே நடந்து முடிந்துவிடும்.

படுத்திருப்பவரை மட்டுமின்றி அவரைப் பார்த்துக்கொள்பவரையும் மனத்தில் கொண்டே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இதிலுள்ள படிகளின் வரிசை முக்கியமானது. முதல் படியைத் தவிர்த்துவிட்டு ஐந்தாவது படியில் தொடங்கியவர்களில் சிலர், தைத்த தசைநாணையே (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) இழுத்துவிட்டு மீண்டும் மருத்துவரிடம் போக நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

1. எதைச் செய்யக்கூடாது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

மருத்துவர் "ஓய்வெடுங்கள்" என்று சொல்லும்போது, உடலின் ஒரு பகுதிக்கு மட்டுமே ஓய்வு தரச் சொல்கிறார் என்பதே பெரும்பாலும் உண்மை. கேட்பவரோ முழு உடலுக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். இந்த இடைவெளியை நிரப்ப, கிளம்பும் முன் சில கேள்விகளுக்கான பதிலை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, பாதிக்கப்பட்ட காலின்மீது எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பது. தரையில் படவே கூடாதா, பாதத்தைத் தொட்டு வைக்க மட்டும் அனுமதியா, பாதி எடையா, முழு எடையா என்ற நான்கில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். "கொஞ்சம் பார்த்து ஊன்றலாம்" என்பது ஒருவருக்கு இரண்டு கிலோவாகவும் இன்னொருவருக்கு இருபது கிலோவாகவும் பொருள்படும்.

இரண்டாவது கேள்வி, எந்தத் தசையை இறுக்கக்கூடாது என்பது. எலும்பு முறிவில் கட்டுக்குள்ளேயே தசையை இறுக்குவது பலருக்கும் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் குதிகால் தசைநாண் அறுந்து தைக்கப்பட்டிருந்தால் கெண்டைக்கால் தசையை இறுக்குவது தையலை நேரடியாக இழுக்கும். முழங்கால் சில்லுக்கு மேலுள்ள தசைநாண் தைக்கப்பட்டிருந்தால் தொடையின் முன்தசைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஒருவருக்கு உதவிய பயிற்சி இன்னொருவருக்குத் தீங்காக முடிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவதாக, எந்த மூட்டை எந்தக் கோணம் வரை மடக்கலாம் என்று கேளுங்கள். நான்காவதாக, இதயநோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், பயிற்சியிலும் புரத அளவிலும் என்ன வரம்பு என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுத்துக்கொள்பவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகக் கரையும் என்பதால் அதையும் மருத்துவருக்கு நினைவூட்டுவது நல்லது. மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

அறுவை சிகிச்சையின் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதற்கு முந்தைய சில வாரங்களை வீணாக்காமல் கால் தசைகளை வலுப்படுத்திக்கொள்ளலாம். ஊன்றுகோலைப் பிடித்து நடக்கவும், நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழவும் அப்போதே பழகிக்கொண்டவர்கள், வலியோடும் மயக்கத்தோடும் அதை முதன்முறையாகக் கற்கும் நிலையைத் தவிர்க்கிறார்கள்.

2. தொடக்க அளவுகளைக் குறித்துவையுங்கள்

கண்ணாடியும் எடைக்கருவியும் இங்கே ஏமாற்றும். தசை குறையும்போதே கொழுப்பு கூடுவதால் உடல் எடை மாறாமலேயே இருக்கலாம். வீக்கமுள்ள கால் பருத்துத் தெரிவதால் தசை அப்படியே இருப்பதுபோலத் தோன்றலாம்.

கட்டு இல்லாத இடமாக இருந்தால், முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து சரியாக 15 செ.மீ. உயரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அங்கே தொடையின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே நாடாவால் அளந்தால் போதும். தினமும் அளப்பது பதற்றத்தைத்தான் கூட்டும். வீக்கம் இருக்கும் வாரங்களின் அளவைத் தனியாகக் குறித்துவையுங்கள், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இதைவிடப் பயனுள்ளது செயல்திறன் அளவு. எழுந்து நிற்க அனுமதி உள்ளவர், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கலாம். 15 வினாடிக்கு மேல் ஆனால் கால் வலிமை குறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளமாக அதை முதியோர் மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். நிற்க முடியாதவருக்கு, தொடையின் முன்தசையை இறுக்கி எத்தனை வினாடி தளராமல் வைத்திருக்க முடிகிறது என்பதே அளவு.

3. எந்தத் தசைக்கு முன்னுரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாத் தசைகளும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் புவியீர்ப்புக்கு எதிராக உடலைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள்தான், படுத்தவுடன் வேலையிழந்து முதலில் சுருங்குகின்றன: தொடையின் முன்தசை, கெண்டைக்கால் தசை, பிட்டத் தசை, முதுகை நிமிர்த்தும் தசைகள். பின்தொடைத் தசையும் கைத்தசைகளும் ஒப்பீட்டளவில் மெதுவாகவே இழக்கின்றன.

புதியவர்கள் பெரும்பாலும் கைக்குச் சிறு எடையைத் தூக்கிப் பயிற்சி செய்கிறார்கள். படுத்தபடியே செய்ய எளிதாக இருப்பதுதான் காரணம். கையை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் நாளின் முதல் பத்து நிமிடமும், உடலில் தெம்பு அதிகமுள்ள வேளையும் காலுக்குத்தான் போக வேண்டும்.

4. உணவை முதல் நாளிலேயே சரிசெய்யுங்கள்

பயிற்சிக்கு அனுமதி கிடைக்காத நாட்களிலும் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் இதைப் பயிற்சிக்கு முன்னால் வைக்கிறேன்.

அசையாத தசைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் புரதத்தைக் கொண்டு அது புதிய தசைப்புரதத்தைக் கட்டும் வேகம் மந்தமாகிவிடுகிறது. நேற்று வரை போதுமானதாக இருந்த அதே தட்டு இன்று போதாமல் போகிறது. முதியவர்களுக்கு இந்த மந்தம் ஏற்கெனவே இருப்பதால், அவர்கள் இருமடங்கு அடிபடுகிறார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசுவை அவர்கள் இழந்தார்கள்.

நோயிலோ காயத்திலோ இருக்கும் முதியவருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்து, டயாலிசிஸ் தொடங்காத நிலையில் இருப்பவருக்கு இந்த அளவு பொருந்தாது. அவர் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும். உடல் பருமன் அதிகமுள்ளவருக்கும், உடலில் நீர் கோத்திருப்பவருக்கும் எடைக்கருவி காட்டும் எண்ணை அப்படியே பெருக்கக்கூடாது என்பதால் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மொத்த அளவைப் போலவே பங்கீடும் முக்கியம். காலையில் மாவுச்சத்து மட்டும், மதியம் கொஞ்சம், இரவில் மொத்தமாக என்று புரதத்தைச் சாப்பிடுவது பரவலான பிழை. ஒவ்வொரு வேளையும் 25 முதல் 30 கிராம் என்ற அளவை எட்டினால்தான் தசை கட்டும் வேலை நன்றாகத் தூண்டப்படுகிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 200 மி.லி. பாலில் 6 முதல் 7 கிராமும், வேகவைத்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராமும், சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 27 கிராம் அளவிலும் புரதம் இருக்கிறது. இந்த எண்களை வைத்து ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். "நன்றாகத்தானே சாப்பிடுகிறார்" என்று நினைத்தவருக்கு ஒரு வேளைக்கு 8 கிராம்கூடச் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

தாவர உணவு மட்டும் உண்பவர்கள் பருப்பு, சோயா, பால் பொருட்கள் ஆகியவற்றைக் கலந்து, அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். தசை கட்டுவதைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலான தாவரப் புரதங்களில் குறைவாக இருப்பதே காரணம். பசியில்லாதவருக்குப் புரதப் பொடி உதவும், ஆனால் அது உணவோடு சேர வேண்டுமே தவிர உணவின் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு. "அசையாமல் இருக்கிறேன், எடை ஏறிவிடும்" என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். உடலுக்கு வேண்டிய ஆற்றலே போதாதபோது, சாப்பிட்ட புரதமும் எரிபொருளாகப் போய்விடும். தசை இன்னும் வேகமாகக் கரையும். எடை குறைக்கும் திட்டத்தை எழுந்து நடமாடும் காலத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். அளவுக்கு மீறி ஊட்டுவதாலும் பயனில்லை, அது கொழுப்பாகத்தான் சேரும். மதுவை இந்த நாட்களில் அறவே தவிர்க்க வேண்டும். அது தசைப்புரதம் உருவாவதை நேரடியாகத் தடுக்கிறது.

பல நாட்கள் ஏறத்தாழ எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று முழு உணவு கொடுக்கக்கூடாது. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்றவை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால், மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

5. படுத்தபடியே தசையை இறுக்கத் தொடங்குங்கள்

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாவிட்டால் எல்லா உழைப்பும் வீணாகும். ஒருவருடைய காலை இன்னொருவர் பிடித்து மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாமல் இருக்கும்; தசை காப்பாற்றப்படாது. தைலம் தேய்ப்பதும் மசாஜும் இதமளிக்கும். தசையின் அளவைக் காக்காது. தசை தானாகச் சுருங்கி, ஏதேனும் ஓர் எதிர்ப்பைச் சந்தித்தால்தான் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. மணிக்கணக்கில் காலை ஆட்டிவிட்டும் தொடை மெலிந்துகொண்டே போகிறதே என்று கலங்கும் குடும்பத்தினரிடம் நான் சொல்வது இதைத்தான்.

தொடையின் முன்தசையிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, காலை நீட்டி, முழங்காலின் அடியில் சுருட்டிய சிறு துண்டை வைத்து, அந்தத் துண்டை மெத்தையோடு அழுத்துவதுபோல முழங்காலைக் கீழ்நோக்கி அமுக்க வேண்டும். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடையை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். அது நகரவில்லையென்றால் பிட்டத்தை இறுக்கிக்கொண்டோ குதிகாலால் தள்ளிக்கொண்டோ இருக்கிறார் என்று பொருள். 5 முதல் 6 வினாடி இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்தி, 10 முறை. இதை ஒரு நாளில் நான்கைந்து வேளை செய்யலாம். கடமைக்கு மெல்ல இறுக்காமல், வலி அனுமதிக்கும் அளவுக்கு முழு முயற்சியோடு இறுக்க வேண்டும்.

இறுக்கும்போது வினாடிகளைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வாய்விட்டு எண்ணுபவரால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கி இறுக்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும் என்பதால், இதயநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சிறு விஷயம் பெரிய பாதுகாப்பு.

அடுத்து பிட்டத் தசை: இரண்டு பக்கத்தையும் ஒன்றாக நெருக்கி 5 வினாடி. முதுகுத்தண்டுக்கும் இடுப்புக்கும் தடை இல்லாதவர், முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்கி இறக்கலாம். படுக்கையில் செய்யக்கூடியவற்றில் பிட்டத்துக்கும் முதுகுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பது இது. கெண்டைக்காலுக்கு, பாதத்தில் ஒரு ரப்பர் பட்டையைக் கோத்து அதன் முனைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தால் பட்டையை முன்னோக்கித் தள்ள வேண்டும்.

கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் அது காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்காமல் இருப்பதற்கான பயிற்சி. எதிர்ப்பே இல்லாததால் தசையைக் காக்க அது போதாது. அதை மட்டும் நூறு முறை செய்துவிட்டு அன்றைய பயிற்சி முடிந்தது என்று நிம்மதியாக இருப்பது மிகப் பரவலான தவறு.

எவ்வளவு கனமான எதிர்ப்பு வேண்டும் என்ற கேள்வி எப்போதும் எழும். பெரிய எடைகள் தேவையில்லை. லேசான எதிர்ப்பாக இருந்தாலும், இன்னும் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய முடியாது என்ற களைப்பு வரும்வரை செய்தால் தசைக்கு வேண்டிய தூண்டுதல் கிடைத்துவிடுகிறது. பத்து முறை செய்தும் பேச்சுக்கூடத் தடுமாறவில்லை என்றால் பட்டையைக் குறுக்கிப் பிடிக்கும் நேரம் வந்துவிட்டது.

வலிநிவாரணி எடுத்துக்கொள்பவர், மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில், அதாவது மாத்திரை போட்ட ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குப் பின் பயிற்சியை வைத்துக்கொண்டால் முழு முயற்சி சாத்தியமாகும். வலி முழுவதும் போகட்டும் என்று காத்திருப்பவரின் தசை அதுவரை காத்திருப்பதில்லை. ஆனால் கடும் காய்ச்சல் அடிக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். உணவையும் நீரையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

6. இறுக மறுக்கும் தசைக்கு மின்தூண்டல்

முழங்கால் வீங்கியிருக்கும்போதோ அங்கே அறுவை சிகிச்சை நடந்த பின்போ, எவ்வளவு முயன்றாலும் தொடையின் முன்தசை இறுகாமல் இருப்பதைச் சிலர் உணர்வார்கள். சோம்பலோ பயமோ இதற்குக் காரணமில்லை. மூட்டின் வீக்கத்திலிருந்து செல்லும் நரம்புச் செய்திகள், முதுகுத்தண்டு அளவிலேயே அந்தத் தசைக்கான கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று அவரை அதட்டுவதில் பயனில்லை. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து வீக்கத்தைக் குறைப்பதே முதல் வேலை.

தோலின்மீது ஒட்டும் பட்டைகள் வழியே மின்துடிப்பைச் செலுத்தித் தசையைச் சுருங்கவைக்கும் கருவி இந்த நிலையில் உண்மையிலேயே உதவும். மயக்க நிலையில் இருப்பவர், தானாக இறுக்க முடியாதவர் ஆகியோருக்கும் இது பயன்படுகிறது. பட்டைகளை எங்கே ஒட்டுவது, எந்த அளவில் வைப்பது என்பதை முதல்முறை பிசியோதெரபிஸ்ட் காட்டித்தர வேண்டும். பொதுவாக 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை வைத்து, சில வினாடி சுருக்கமும் அதைவிட நீண்ட இடைவெளியும் கொடுக்கிறார்கள்.

வலிக்காகப் பயன்படுத்தும் மின்கருவியும் தசைக்கான மின்கருவியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். வலிக்கானது வெறும் சுரசுரப்பைத் தரும். தசைக்கானது தசையைக் கண்ணுக்குத் தெரியும்படி இறுக்கும். தவறான கருவியை வாங்கி வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. தசை கண்கூடாகச் சுருங்கவில்லையென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்றே கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், காலின் ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டு உள்ளவர், வலிப்பு நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. காயம்பட்ட தோலின்மீதும் கட்டி உள்ள இடத்தின்மீதும் ஒட்டக்கூடாது.

7. காயமில்லாத பக்கத்தையும் உழைக்க வையுங்கள்

வலது கால் கட்டுக்குள் இருக்கும்போது இடது காலுக்கு மட்டும் கடுமையாகப் பயிற்சி கொடுத்தால், வலது காலின் வலிமையும் ஓரளவு காக்கப்படுகிறது. நம்பக் கடினமாகத் தோன்றினாலும் இது பலமுறை உறுதிசெய்யப்பட்டது. தசைக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதிகளும் நரம்புப் பாதைகளும் இரு பக்கத்துக்கும் ஓரளவு பொதுவாக இயங்குவதே இதற்குக் காரணம். காக்கப்படுவது பெரும்பாலும் வலிமைதான், தசையின் அளவு அவ்வளவாக அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும், ஆனால் எதிர்ப்பு கனமாக இருக்க வேண்டும். எடையைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்கும் பகுதியில் கவனம் செலுத்தினால் பலன் கூடுதல். "நல்ல காலைக் களைப்படையச் செய்துவிட்டால் ஊன்றுகோலில் எப்படி நடப்பது" என்று அஞ்சுபவர், நடக்க வேண்டிய வேலைகளை முடித்தபின் இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம்.

ஊன்றுகோலைப் பயன்படுத்தப்போகிறவர் இதே நாட்களில், படுக்கையில் உட்கார்ந்து இரு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் ஊன்றிப் பிட்டத்தைச் சற்றுத் தூக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊன்றுகோலில் உடலைத் தாங்கும் பின்கைத் தசைக்கு இதுவே நேரான தயாரிப்பு.

8. படுக்கும் நிலையைக் கவனியுங்கள்

சுருங்கிய நிலையிலேயே நீண்ட நாள் விடப்படும் தசை, நீண்ட நிலையில் இருப்பதைவிட வேகமாகக் கரைகிறது, நீளமும் குறைகிறது. முழங்காலின் அடியில் தலையணை வைத்துக்கொள்வது இதமாக இருக்கும். ஆனால் இரவும் பகலும் அப்படியே இருந்தால் முழங்கால் முழுவதும் நீளாமல் மடங்கியே நின்றுவிடும். பயிற்சிக்காகத் துண்டு வைத்த பின்பு அதை எடுத்துவிட மறந்துவிடாதீர்கள்.

பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடியே பல வாரம் கிடந்தால் கெண்டைக்கால் தசை குறுகி, பின்னர் எழுந்து நிற்கும்போது குதிகால் தரையைத் தொடாமல் போகலாம். பாதத்துக்கு முட்டுக்கொடுத்து நேராக வைப்பதும், நாளுக்கு இருமுறை பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கி அரை நிமிடம் பிடிப்பதும் இதைத் தடுக்கும். கனமான போர்வை பாதத்தை அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. உட்காருதலும் எழுதலும்

மருத்துவர் அனுமதித்த முதல் நாளே உட்கார வைக்க வேண்டும். ஆனால் நேராக எழுப்பி நிறுத்திவிடக்கூடாது. பல நாள் படுத்திருந்தவரின் ரத்த ஓட்டம், நிற்கும்போது அழுத்தத்தைத் தக்கவைக்கும் பழக்கத்தை இழந்திருக்கும். முதலில் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து உட்கார வைத்து, பிறகு கால்களைப் படுக்கையின் ஓரமாகத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் இருக்கச் செய்து, கணுக்காலைச் சில முறை அசைத்த பின்னரே நிற்க விடுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால், அன்றைக்கு நிற்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எளிமையான ஒரு வழி, மூன்று வேளை உணவையும் படுக்கையில் கொடுக்காமல் நாற்காலியில் கொடுப்பது. ஒரு நாளைக்கு மூன்று முறை எழுந்து உட்காருவது தனிப் பயிற்சி நேரமின்றியே நடந்துவிடுகிறது. நிமிர்ந்து சாப்பிடுவதால் புரையேறும் ஆபத்தும் குறைகிறது.

எழுந்து நிற்க அனுமதி உள்ளவருக்கு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பது என் முடிவான கருத்து. முதலில் தலையணை போட்டு உயர்த்திய இருக்கையில் தொடங்கி, வலிமை கூடக்கூட உயரத்தைக் குறைக்க வேண்டும். எழுவது எப்படியோ இருக்கட்டும், உட்காரும்போது நான்கு வினாடி எடுத்து மெல்ல இறங்கச் சொல்லுங்கள். தொப்பென்று விழுந்து உட்காருபவர் பயிற்சியின் பாதியை இழக்கிறார்.

பார்த்துக்கொள்பவர் செய்யும் தவறும் இங்கேதான். அன்பினால் அக்குளில் கை கொடுத்து முழு எடையையும் தூக்கிவிடுகிறார். அப்போது பயிற்சி செய்தவர் தூக்கியவர்தான். முதலில் நோயாளி முயலட்டும், மூன்று வினாடி காத்திருங்கள், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும் கை கொடுங்கள். இடுப்பில் கட்டும் பிடிப்பட்டை ஒன்று இருந்தால், தூக்காமலேயே விழாமல் பிடித்துக்கொள்ளலாம்.

நடக்கத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அறைக்கும் குளியலறைக்கும் மட்டும் நடந்து, நாளுக்கு ஆயிரத்தைந்நூறு அடிக்கும் குறைவாக இரண்டு வாரம் இருந்தாலே முதியவர்களின் கால் தசை அளக்கக்கூடிய அளவுக்குக் குறைகிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை எழுந்து சில அடிகள் வைப்பது, மாலையில் ஒரே மூச்சில் நடந்து களைப்பதைவிட ஏற்றது.

10. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் சிவப்பும் தோன்றினால் ரத்தக்கட்டு இருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவோ பயிற்சி கொடுக்கவோ கூடாது, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மார்புவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவை வந்தால் தாமதமின்றி அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். தேய்த்துவிட்டால் சரியாகும் என்று ரத்தக்கட்டுள்ள காலை அழுத்தித் தேய்ப்பது உயிருக்கே ஆபத்தானது.

கட்டுக்குள் மரத்துப்போதல், விரல்கள் நீலமாதல், மருந்துக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவையும் காத்திருக்கக்கூடியவை அல்ல. சாதாரணத் தசைக் களைப்பு சில மணி நேரத்தில் அடங்கும். மூட்டிலோ அறுவைத் தழும்பிலோ பயிற்சிக்குப் பின் வலி மறுநாளும் நீடித்தால் அளவு கூடிவிட்டது. பாதியாகக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.

11. கட்டுப் பிரித்த பிறகு

மாவுக்கட்டைப் பிரித்ததும் காலைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோகிறார்கள். தோல் உரிந்து, கால் மெலிந்து, மூட்டு இறுகியிருக்கும். இழந்ததைவிட மெதுவாகத்தான் தசை திரும்பும். முதியவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். அதுவரை 4ஆம் படியில் சொன்ன உணவைக் குறைக்கக்கூடாது. படுக்கை நாட்களில் கவனமாகச் சாப்பிட்டுவிட்டு, பயிற்சி உண்மையில் பலன் தரத் தொடங்கும் இந்தக் கட்டத்தில் பழைய தட்டுக்குத் திரும்புவது வீண் இழப்பு.

எலும்பும் இந்த நாட்களில் அடர்த்தியை இழந்திருக்கும் என்பதால், முதல் சில வாரங்களில் விழாமல் இருப்பது பயிற்சியைவிட முக்கியம். பயிற்சியைக் கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எண்ணிக்கையையோ, எதிர்ப்பையோ, நடக்கும் தொலைவையோ. மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டினால், மறுநாள் வலி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மெதுவாக இறக்கும் பயிற்சிகள் பழகாத தசையை அதிகம் நோகச்செய்யும் என்பதால், முதல் நாளில் ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம்.

வாராந்தர அளவுகளை, இரு கால்களும் ஏறத்தாழ ஒத்துவரும்வரை எழுதிவாருங்கள். சுற்றளவு இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருந்தாலும், ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரம் பழைய நிலைக்கு வந்து, படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடாமல் இருந்தால் அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். விளையாட்டுக்கோ கனமான உடலுழைப்புக்கோ திரும்ப நினைப்பவர் மட்டும், பாதித்த காலின் வலிமை மற்றதன் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்டிடம் அளந்து பார்த்துக்கொண்ட பின் இறங்க வேண்டும்.